சன்னல் மூலை விரிசலுக்கு மறுபடியும் பட்டி வைக்கிறார்கள், விடலாமா?

கேள்வி, 3 நவம்பர் 2024

சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். காரைக்குடியில் ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட மனைப்பிரிவில் ஒரு கான்ட்ராக்டர் கட்டிக்கொடுத்த வீடு. பால் காய்ச்சி இரண்டு ஆண்டு ஆகவில்லை. தென்மேற்கு அறையில் சன்னலின் கீழ் மூலையிலிருந்து ஒரு விரிசல் சாய்வாகத் தரையை நோக்கி இறங்குகிறது. சொன்னால் உடனே ஆள் அனுப்புகிறார், அதில் குறை சொல்ல முடியாது. பட்டி (வால் புட்டி) வைத்து, தேய்த்து, வண்ணம் அடித்து, வாட்ஸ்அப்பில் படமும் வந்துவிடும். தீபாவளிக்கு வந்து பார்த்தால் அதே இடத்தில் அதே கோடு. "எல்லா வீட்டிலும் வருவதுதான், வெயில் விரிசல்" என்கிறார். நான் கிளம்புவதற்குள் இன்னொரு முறை பூசித் தருகிறேன் என்கிறார். விடலாமா?

3 நவம்பர், இரவு

விடாதீர்கள். பட்டிக்காரரை வாசலோடு திருப்பி அனுப்புங்கள்.

ஒரு பென்சில் எடுத்து விரிசலின் இரண்டு முனையிலும் குறுக்கே சிறு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். அகலமாகத் தெரியும் இடத்தில் அடிக்கோலை வைத்துப் படம் எடுங்கள். ஏடிஎம் அட்டையின் கனம் ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டர். அது உள்ளே நுழைந்தால் இது பெயிண்ட் கடைச் சமாச்சாரம் அல்ல. பெயிண்ட் கடைக்காரனே சொல்கிறேன்.

4 நவம்பர்

கடைக்காரன் ஏன் பட்டி வேண்டாம் என்கிறான் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான சந்தேகம். காரைக்குடியில் ஹார்டுவேர், பெயிண்ட் வியாபாரம் செய்கிறேன். பட்டி விற்றுத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன்.

ஒரு வீட்டின் யோக்கியதையைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே ஓரளவு சொல்லிவிடலாம். கட்டுக்கம்பி, கவர் பிளாக் (கம்பி பலகையில் ஒட்டாமல் அடியில் வைக்கிற சிறு கட்டை), ஆணி போகிற காலம் ஒன்று. குழாயும் வளைவும் போகிற காலம் ஒன்று. சாவி கொடுப்பதற்கு முந்தைய வாரத்துச் சீட்டு மட்டும் தனி ரகம். நாற்பது கிலோ பட்டி மூட்டைகள், விரிசல் அடைக்கும் பசை டப்பாக்கள், உப்புத்தாள், மொட்டைமாடிக்கு வெள்ளை நீர்த்தடுப்பு பெயிண்ட், குளியலறை டைல்ஸ் இடுக்குக்கு வெள்ளைச் சிமெண்ட். பட்டி என்பது சுவரை வழவழப்பாக்க மெல்லியதாக இழுக்கிற பொருள். ஒரே அறைக்கு அளவுக்கு மீறி மூட்டை போனால் அங்கே பூச்சு கோணியிருக்கிறது, அல்லது எதையோ மூடுகிறார்கள்.

எல்லாப் பழியும் கான்ட்ராக்டருக்குப் போகாது. தை முகூர்த்தம் ஒன்றைப் புரட்டாசியிலேயே குறித்துவிட்டு, சுவர் ஐப்பசி மழையில் ஊறிக்கொண்டிருக்கும்போது "பத்திரிகை அடித்தாகிவிட்டது" என்று நெருக்குகிறவர்களைத் தினம் பார்க்கிறேன். கான்கிரீட்டுக்குச் சாதாரண சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாளும், சாம்பல் கலந்த சிமெண்ட் என்றால் 10 நாளும் நனைத்து வைக்க வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456 சொல்கிறது. இங்கே கிடைக்கிற மூட்டைகளில் பாதிக்கு மேல் சாம்பல் கலந்ததுதான். தண்ணீர் ஊற்றுகிற ஆளுக்குச் சம்பளம் கொடுக்க மனமில்லாமல் காலையில் ஒரு வாளி வீசிவிட்டுப் போகிறார்கள். பத்தரை மணி வெயிலில் சுவர் காய்ந்துவிடும்.

6 நவம்பர்

"புது வீடு என்றால் விரிசல் வரத்தான் செய்யும், இவர் பயமுறுத்துகிறார்" என்று எழுதிய திருப்பத்தூர்க்காரருக்கு. வரத்தான் செய்யும், மறுக்கவில்லை. எது வந்திருக்கிறது என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து வைப்பதைத்தான் சொல்கிறேன்.

சுவர் முழுவதும் வலைபோல மெல்லிய கோடுகள் ஓடினால் பூச்சு சீக்கிரம் காய்ந்துவிட்டது. மணலில் தூசி அதிகம் இருந்தாலும் அப்படித்தான். அதற்குப் பட்டி போதும். மேல்மாடியில் கூரைத்தளத்துக்கு அடியில் சுவரும் தளமும் சேரும் இடத்தில் கிடைமட்டமாக ஒரு கோடு ஓடினால், அதுதான் உண்மையான வெயில் விரிசல். தளம் பகலில் நீண்டு இரவில் சுருங்குகிறது. பட்டி அதற்கு ஒரு கோடை கூடத் தாங்காது. மேலே வெயில் தடுக்க வழி செய்து, அந்த இடுக்கை இழுபடும் பசையால் அடைக்க வேண்டும். பில்லரும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நெட்டுக்குத்தாக வந்தால், பூசுமுன் கோழிவலை அடிக்கவில்லை என்று பொருள். அந்தப் பட்டையைக் கொத்தி எடுத்து வலை அடித்துப் பூசினால் தீர்ந்தது. வயர் குழாய்க்குச் சுவரை வெட்டிய தடத்திலும் இதே கதை.

சன்னல் மூலையிலிருந்து சாய்வாக, செங்கல் வரிசைகளைப் படிக்கட்டாகப் பிடித்து இறங்குகிற விரிசல் வேறு சாதி. பெரும்பாலும் சுவரின் ஒரு பக்கம் கீழே இறங்குகிறது. கேள்வி கேட்டவர் சொல்வது இதுதான். கீழ் அறைச் சன்னலுக்கும் தரைக்கும் நடுவில் இருப்பதை வெயில் விரிசல் என்று சொல்லும் கான்ட்ராக்டர் சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருமுறை பார்க்கட்டும்.

9 நவம்பர்

இந்தப் புத்தி எனக்குக் கடையில் வந்ததல்ல. கோட்டையூரில் என் தங்கை வீட்டில் வந்தது.

மாப்பிள்ளை மலேசியாவில். கட்டியவர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், ஆகவே கணக்குக் கேட்பதே மரியாதைக் குறைவு என்று ஆகிவிட்டது. மாப்பிள்ளை திருச்சியில் வந்து இறங்குகிற தேதி எங்களுக்கு முன்னால் அவருக்குத் தெரியும். முந்தைய நாள் இரண்டு பேர் வருவார்கள், சாமி அறைப் பக்கத்துச் சுவருக்கு மட்டும் வண்ணம் அடிப்பார்கள். மாப்பிள்ளையும் வந்து, "வீட்டைப் புதிதாகவே வைத்திருக்கிறாரே" என்று மெச்சிவிட்டு, மீதிப் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுவார்.

ஒரு நாள் இரவு மின்சாரம் போனது. தங்கை மகள் செல்போன் விளக்கைப் போட்டு, தற்செயலாகச் சுவரோடு ஒட்டிவைத்தாள். வெளிச்சம் சுவரின் மேல் படுத்து ஓடியது. பகலில் பளபளவென்று இருந்த சுவரில் விரல் தடிமனுக்கு ஒரு புடைப்பு சன்னல் மூலையிலிருந்து கீழே ஓடுவது தெரிந்தது. பட்டிமேல் பட்டியாக இழுத்த தடம். அதன் ஓரத்தில் தலைமுடி கனத்தில் புதுக் கோடு. நகத்தால் தட்டினால் தடத்தின் மேல் ஒரு சத்தம், இரண்டு விரல் தள்ளி வேறு சத்தம்.

சொந்தக்காரரிடம் சொன்னோம். "அண்ணே, ஒரு கிலோ பட்டி கொடுங்கள், இன்றைக்கே முடித்துவிடுகிறேன்" என்று என் கடைக்கே வந்து நின்றார். கொடுக்கவில்லை.

பள்ளத்தூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்தேன். வயதான கொத்தனார், கரணையைக் கீழே வைத்து வெகுநாளாகிறது. விரிசலை அவர் பார்க்கக்கூட இல்லை. வெளியே போய் வீட்டைச் சுற்றினார். அந்த மூலைக்கு வந்ததும் நின்று அண்ணாந்து பார்த்தார். மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் அங்கேதான் இறங்குகிறது. தரைக்கு ஓரடி மேலே வெட்டி விட்டிருந்தார்கள். மாடித் தண்ணீர் முழுவதும் கடைக்கால் (அஸ்திவாரம்) ஓரத்தில் கொட்டியிருக்கிறது. கடப்பாரையைக் கேட்டு வாங்கி மண்ணில் வைத்தார், ஓங்கிக் குத்தவில்லை. தன் எடையிலேயே கடப்பாரை முழங்கை அளவு இறங்கியது.

பிறகு தோண்டிப் பார்த்ததில் விஷயம் வெளியே வந்தது. அந்த மனையின் மேற்கு ஓரம் முன்பு பள்ளம். மனை போட்டவர்கள் எங்கிருந்தோ மண் கொண்டுவந்து நிரப்பியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் கெட்டிச் சரளை தட்டுப்படும் வரை வானம் (கடைக்கால் பள்ளம்) தோண்ட வேண்டும் என்பது சித்தாளுக்கும் தெரியும். மற்ற மூன்று மூலையில் சரளை மேலேயே இருந்ததால் அதே ஆழத்தில் இந்த மூலையையும் நிறுத்திவிட்டார்கள். அரை நாள் கூலி மிச்சம்.

குழாயை நீட்டித் தண்ணீரை வேலிப்பக்கம் கொண்டுபோனோம். அந்த மூலையின் அடியில் சிறுசிறு துண்டாகத் தோண்டி, ஒரு துண்டில் கான்கிரீட் இறுகிய பிறகு அடுத்ததைத் தோண்டி, சரளை வரை கொண்டுபோய் நிறுத்தினார்கள். இதை ஒரு இன்ஜினியர் கூடவே நின்று செய்தார், கொத்தனாரை மட்டும் நம்பிச் செய்கிற வேலை அல்ல. வீட்டைச் சுற்றி வெளிப்புறம் சாய்வாகத் தளம் போட்டோம். ஒரு மழைக்காலம் சும்மா விட்டோம். அதன் பிறகுதான் விரிசலைத் திறந்து, கோட்டுக்குக் குறுக்கே எட்டு மில்லிமீட்டர் கம்பிகளைப் பதித்துத் தைத்து, வலை அடித்துப் பூசியது. பட்டி கடைசியில் வந்தது, ஒரு மூட்டையில் பாதி கூட ஆகவில்லை. கூலி சொந்தக்காரர், சாமான் தங்கை என்று பஞ்சாயத்து முடிந்தது. இன்றுவரை கல்யாண வீடுகளில் அவர் என் பந்தியில் உட்காருவதில்லை.

10 நவம்பர்

அந்தப் பெரியவரின் செல்போன் எண் கேட்ட அனைவருக்கும்: அவரிடம் செல்போன் கிடையாது. கடப்பாரை உண்டு.

15 நவம்பர்

"ரெராவில் (வீடு, மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) ஒரு புகார் தட்டிவிடுங்கள், ஐந்து ஆண்டு உத்தரவாதம் இருக்கிறது" என்று சென்னை வாசகர் எழுதியிருக்கிறார். சென்னைக்குச் சரி. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14(3)ஆம் பிரிவு நல்ல பிரிவுதான். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை இருப்பதாகத் தெரிவித்தால், மேல்பணம் கேட்காமல் 30 நாளில் சரிசெய்ய வேண்டும். இல்லையென்றால் இழப்பீடு. ஆனால் நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாமலோ, வீடுகள் எட்டுக்கு மேற்படாமலோ இருந்தால் அந்தத் திட்டத்தைப் பதிவே செய்ய வேண்டியதில்லை. 500 சதுர மீட்டர் என்றால் 12 சென்ட்டுக்குச் சற்று மேல். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் ஐந்து சென்ட் மனையை நாமே வாங்கி, ஒரு கான்ட்ராக்டரை வைத்துக் கட்டுகிறோம். அவர் நமக்கு மனை விற்றவர் அல்ல, வேலைக்கு வந்தவர். ரெராவின் கதவு நமக்குப் பெரும்பாலும் திறக்காது.

நமக்கு உள்ளது நுகர்வோர் சட்டம். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் சேவை என்றே எழுதியிருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். காரைக்குடிக்கு அது சிவகங்கை. எதிராளி எங்கே இருந்தாலும், புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். இணையம் வழியாகவும் செய்யலாம். ஆனால் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு என்று கெடு இருக்கிறது. இதைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் பட்டி வைத்து அனுப்புகிற கான்ட்ராக்டர் சுவரை மட்டும் மூடுவதில்லை, நாட்காட்டியையும் கிழித்துக்கொண்டிருக்கிறார். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம், நம்பி உட்காராதீர்கள்.

அங்கே போய் நின்றால் முதலில் கேட்பது ஆதாரம். வண்ணம் அடித்த சுவரில் என்ன ஆதாரம் இருக்கும்? பென்சில் கோடும் தேதியும் படமும் இதற்காகத்தான். ஆணையம் வழக்கறிஞர் ஆணையரை அனுப்பி வீட்டைப் பார்க்கச் சொல்லலாம். அவர் வரும் நாளில் சுவர் பளிங்காக இருந்தால் குற்றம் நம் மேல் திரும்பும்.

15 நவம்பர், சற்று நேரம் கழித்து

இன்னொன்று. "நகராட்சி அனுமதி கொடுத்திருக்கிறதே, அவர்கள் பார்த்திருப்பார்களே" என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். அனுமதி என்பது வரைபடத்துக்கு. எத்தனை அடி இடம் விட்டீர்கள், எவ்வளவு உயரம் என்பதோடு சரி. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுகிற வீட்டுக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதியே கிடைக்கிறது. அலைச்சல் மிச்சம், நல்லதுதான். கம்பிக்கும் சென்ட்ரிங் பலகைக்கும் நடுவில் கவர் பிளாக் வைத்தார்களா என்று பார்க்க எந்த அலுவலகமும் ஆள் அனுப்பப் போவதில்லை. நீங்கள்தான் போக வேண்டும்.

22 நவம்பர்

எதிர்பார்த்தது வந்துவிட்டது. "நம் ஐயாக்கள் கட்டிய வீட்டில் ஒரு விரிசல் காட்ட முடியுமா?" கேட்டவர் துபாயில் இருக்கிறார், பூர்வீகம் கானாடுகாத்தான்.

காட்ட முடியும். வாருங்கள், உங்கள் தெருவிலேயே காட்டுகிறேன். சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவர் இன்றும் முகம் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்பதில் எனக்கும் பெருமைதான். அந்தச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். பங்காளிகள் பத்துப் பேர் சேர்ந்து ஆண்டுக்கொருமுறை முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்குக் கூடுகிற வீட்டில், கூடுமுன் அவசரத்துக்கு என்ன செய்கிறார்கள்? ஓதம் (தரையிலிருந்து ஏறும் ஈரம்) ஏறிப் பொரிந்த இடத்தைக் கொத்திவிட்டு மேலே சிமெண்ட் பூசுகிறார்கள். ஈரம் வெளியே வர வழியில்லாமல் சிமெண்டுக்குப் பின்னால் ஏறி, அதற்கு மேலுள்ள நல்ல சுண்ணாம்புப் பூச்சைப் பிடிக்கிறது. இரண்டடி உயரத்தில் இருந்த ஓதம் அடுத்த படைப்பில் நாலடியில் நிற்கும். அதற்கும் சிமெண்ட். நூறு வயது வீட்டையும் இரண்டு வயது வீட்டையும் கெடுக்கிற குணம் ஒன்றுதான்: விருந்தாளி வருமுன் மூடு.

மாடித் தளமும் அப்படித்தான். செங்கல் சல்லியையும் சுண்ணாம்பையும் போட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டிய தளம் அது. இப்போது அந்த வேலைக்கு ஆள் இல்லை என்கிறார்கள். ஒத்துக்கொள்கிறேன். சல்லிக்கலவை மூன்று அங்குலம் போட்டு, பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது வாட்டம் (சரிவு) கொடுத்து, மேலே தட்டை ஓடு பதிக்க இன்றும் ஆள் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வாட்டமே இல்லாத தளத்தின் மேல் வெள்ளைப் பெயிண்டை அடித்துவிட்டு "பத்து ஆண்டு உத்தரவாதம்" என்கிறார்கள். டப்பாவில் எழுதியிருக்கும் உத்தரவாதத்தின் அடியில் சிறிய எழுத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? தளத்தில் தண்ணீர் தேங்கக்கூடாது. தேங்காத தளத்துக்கு அந்த டப்பா எதற்கு என்று நான் கேட்டால் வியாபாரம் நடக்காது.

23 நவம்பர்

தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் பற்றிக் கேட்டவருக்கு. இழையை விட்டு விலகுகிறோம், ஆனாலும் இதுவும் மூடுகிற கதைதான்.

அந்தக் கல் சுட்டது அல்ல. கண்ணாடிப் பலகையின் மேல் சட்டம் வைத்து நிறக்கலவையை ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் இட்டுத் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. கண்ணாடியின் வழவழப்பே அதன் பளபளப்பு. தரைக்கு அடியில் ஈரம் இருந்தால் அது கல் வழியே ஏறி, காய்ந்ததும் வெள்ளையாக உப்புப் பூக்கும். புது வீட்டுக் கூடத்தில் சிவப்புக் கல்லில் இது நன்றாகத் தெரியும். உடனே ஒரு ஆள் வந்து தேங்காய் எண்ணெய் துணியால் அழுத்தித் துடைப்பார். வெள்ளை மறைந்து சிவப்பு ஜொலிக்கும். எண்ணெய் போடுவது வழக்கம்தானே என்று நாமும் தலையாட்டுவோம். காய்ந்த தரைக்கு எண்ணெய் வழக்கம். ஈரத் தரையில் சில வாரத்தில் வெள்ளை மறுபடியும் வரும். எண்ணெய்க்கு முன் ஒரு சோதனை: பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நான்கு ஓரமும் ஒட்டுநாடாவால் அடைத்து ஓரிரு நாள் விடுங்கள். தாளின் அடியில் முத்துமுத்தாகத் தண்ணீர் கட்டினால் ஈரம் கீழிருந்து வருகிறது.

1 டிசம்பர்

மழை. கடையில் கூட்டமில்லை, எழுத நேரம் இருக்கிறது.

புதுவயலில் இருந்து ஒருவர் படம் அனுப்பியிருக்கிறார். சன்ஷேடின் அடிப்பக்கம் நீளவாக்கில் நேர்கோடாக விரிசல், ஓரத்தில் பழுப்புக் கறை. "பூசினால் போதுமா?" போதாது. இப்படி அளவெடுத்த மாதிரி நேராக ஓடும் விரிசல் கம்பியின் மேல்தான் ஓடுகிறது. கான்கிரீட்டின் காரத்தன்மைதான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. கம்பிக்கு வெளியே போதிய கனம் இல்லாவிட்டால் காற்றும் ஈரமும் சீக்கிரம் உள்ளே போய் அந்தக் காரத்தைக் குறைத்துவிடும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். இடம் இல்லாததால் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. வெளியே நீங்கள் எதைப் பூசினாலும் உள்ளே நெம்புவது நிற்காது. தளத்துக்கு 20 மில்லிமீட்டர், பில்லருக்கு 40 என்று விதி இருக்கிறது. சன்ஷேடில் பாதிப் பேர் கம்பியைப் பலகையின் மேலேயே படுக்க வைக்கிறார்கள். மேல்பக்கம் இருக்க வேண்டிய கம்பி அடியில் கிடந்தால், துரு ஒருபுறம் இருக்கட்டும், அந்த சன்ஷேடுக்குக் கீழே நிற்காதீர்கள்.

சரியான வைத்தியம்: உதிரும் பகுதி முழுவதையும் கொத்தி, கம்பியின் பின்பக்கம் வரை திறந்து, துருவைக் கம்பித் தூரிகையால் போக்கி, கம்பிக்குப் பாதுகாப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் அடைப்பது.

கம்பி துருப்பிடிப்பதை ஆராய்கிற தேசிய அளவிலான ஆய்வகம் எங்கே இருக்கிறது தெரியுமா? காரைக்குடியில். மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து ஊருக்குக் கொண்டுவந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தார்கள். அதன் மதில் சுவரைத் தாண்டித் தினமும் வேலைக்குப் போகிற நம் மேஸ்திரிகள் துருவின் மேல் பட்டி வைக்கிறார்கள்.

8 டிசம்பர்

மேலே எழுதியதையெல்லாம் இன்று திரும்பப் படித்தேன். கான்ட்ராக்டர் என்றாலே திருடன் என்கிற தொனி வந்திருக்கிறது. அது முழு நியாயம் அல்ல.

நேற்று கடைக்கு வந்த ஒரு இளைஞர், சிறிய கான்ட்ராக்டர், இந்த இழையை வாசித்திருக்கிறார். "அண்ணே, நானூறு ரூபாய் குறைத்துக் கேட்கிறார்கள். நான் முடியாது என்றால் அடுத்தவர் முடியும் என்கிறார். அவர் எதைக் குறைத்தார் என்று யாராவது கேட்கிறார்களா?" சதுர அடிக்கு நானூறு குறைந்தால் ஆயிரத்து ஐநூறு சதுர அடி வீட்டில் ஆறு லட்சம். அந்த ஆறு லட்சம் வாசல் கதவில் குறையாது, டைல்ஸில் குறையாது. கண்ணுக்குத் தெரிகிற எதிலும் குறையாது. மண்ணுக்குள்ளும் பூச்சுக்குள்ளும்தான் குறையும். தேக்கு நிலைக்கு லட்சம் கொடுக்கிறவர் மண் பரிசோதனைக்குச் சில ஆயிரம் கேட்டால் "இங்கே எல்லாம் சரளைதான்" என்கிறார்.

அந்த இளைஞர் சொன்ன இன்னொன்றும் உண்மை. விரிசல் வந்ததும் காரணத்தைத் தேடலாம் என்று அவர் சொன்னாராம், வீட்டுக்காரரே "அதெல்லாம் வேண்டாம், பெண் பார்க்க வருகிறார்கள், இப்போதைக்கு மூடிக் கொடு" என்றாராம்.

ஆகவே ஒப்பந்தத்திலேயே இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள். மொத்தத் தொகையில் ஐந்து சதவீதம் ஒரு மழைக்காலம் முடிந்த பிறகுதான். எந்தப் பழுதையும் மூடுமுன் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். நல்ல கான்ட்ராக்டர் கையெழுத்துப் போடுவார், கொஞ்சம் முணுமுணுப்பார்.

14 டிசம்பர்

கேள்வி கேட்டவர் தகவல் அனுப்பியிருக்கிறார். பென்சில் கோட்டைத் தாண்டி விரிசல் கீழ்ப்பக்கம் ஒரு விரற்கடை வளர்ந்திருக்கிறது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அத்தை மகன் படம் எடுத்திருக்கிறார். கான்ட்ராக்டர் இப்போது, "மழை முடியட்டும், மொத்தமாக வண்ணம் அடித்துத் தருகிறேன், இலவசம்" என்கிறாராம்.

இலவசத்தை வாங்காதீர்கள். ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள், போய்ச் சேர்ந்ததற்குச் சான்றோடு. வாட்ஸ்அப்பிலும் அதையே அனுப்புங்கள். கோபம் வேண்டாம், "ஏமாற்றிவிட்டீர்கள்" வேண்டாம். ஒப்படைத்த தேதி, விரிசல் முதலில் தெரிவித்த தேதி, எப்போதெல்லாம் பட்டி வைத்தார், இப்போதைய நீளம், படம். காரணம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். காரணம் தெரியும் வரை சுவரை யாரும் தொடக்கூடாது என்று எழுதுங்கள். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள், கான்ட்ராக்டர் கூட்டிவருகிறவர் வேண்டாம். அவருக்குக் கொடுக்கும் பணத்துக்கு ரசீது வாங்குங்கள், பின்னால் கேட்கிற தொகையில் அதுவும் சேரும்.

விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டு ஒட்டச் சொல்லுங்கள். பள்ளி ஆய்வகத்தில் நுண்ணோக்கிக்கு வைக்கிற மெல்லிய துண்டு போதும். ஒட்டுகிற இடத்தில் வண்ணத்தையும் பட்டியையும் சுரண்டிவிட்டு, வெறும் பூச்சின் மேல், இரண்டு முனையில் மட்டும் எபாக்சி பசை. நடுவில் பசை கூடாது. சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். மேலே ஒன்று, கீழே ஒன்று.

14 டிசம்பர், இரவு

எபாக்சி என் கடையில்தான் வாங்க வேண்டும் என்று நான் எங்கும் எழுதவில்லை. கிண்டல் செய்த கண்டனூர்க்காரர் கவனிக்க. வாங்கினால் மகிழ்ச்சி.

18 ஜனவரி 2025

பொங்கல் கூட்டம் முடிந்து இன்றுதான் இதைத் திறக்கிறேன்.

சிங்கப்பூர்க்காரர் எழுதியிருப்பதன் சுருக்கம். கீழ்க் கண்ணாடி டிசம்பர் கடைசியில் உடைந்தது, மேலே உள்ளது முழுதாக இருக்கிறது. பொறியாளர் வந்து பார்த்து இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார். குளியலறைக் கழிவுநீர்த் தொட்டி அந்த மூலைக்கு இரண்டடி தள்ளி இருக்கிறது. குழாய் உள்ளே நுழையும் இடத்தில் பூச்சு விட்டு, கட்டிய நாளிலிருந்து தண்ணீர் கடைக்காலுக்கு அடியில் போயிருக்கிறது. மண் நிரப்பிய மனையா என்றும் அங்கே ஒரு குழி தோண்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அறிக்கையின் நகல் போனதும் கான்ட்ராக்டர் வெயில் விரிசல் பேச்சை விட்டுவிட்டார். தொட்டியைத் தன் செலவில் மாற்றித் தருகிறேன், சுவரையும் அதோடு பூசிவிடுகிறேன் என்கிறாராம். இரண்டையும் ஒன்றாகச் செய்யலாமா என்பது இப்போதைய கேள்வி.

தொட்டியை மாற்றட்டும். சுவர் வேண்டாம். புதுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டு, மட்டம் இறங்குகிறதா என்று அத்தை மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். குழியைப் பொறியாளர் பார்த்த பிறகுதான் மூட வேண்டும், மூடுமுன் அளவுகோலோடு படம். உடைந்த கண்ணாடிக்குப் பக்கத்தில் புதியது ஒன்று ஒட்டி, தேதி எழுதுங்கள். பழைய துண்டைப் பிடுங்காதீர்கள், அதுதான் சாட்சி. ஈரம் வடிந்து மண் இறுகும்போதும் சுவர் சற்று அசையலாம். ஆகவே அடுத்த வடகிழக்கு மழை கடந்து புதுக் கண்ணாடி நின்றால் தைத்துப் பூசலாம். அதுவரை கான்ட்ராக்டருக்குத் தர வேண்டிய மீதி எவ்வளவோ அது உங்களிடமே இருக்கட்டும்.